விடுமுறைப் பயணமும் விமானக் காட்சிச்சாலைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. அடியேன் இலக்கியம் கற்றவன் அல்லேன். ஆகவே, செயலாளர் அவர்கள் என்னை அணுகி, 'நம் காலனிக் குடும்பங்களுக்குப் பயன்படும் ஏதேனும் ஒன்றைப் பேசுங்கள்' என்று கேட்டபோது, சிறிது தயங்கினேன். பிறகு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் விடுமுறை நெருங்கும்போது நம் காலனியில் எழும் கேள்வி ஒன்றுதான்: 'இந்த முறை காரை எடுத்துக்கொண்டு எங்கே போவது?' பிள்ளைகள் சில ஆண்டுகளாக அதற்கு ஒரு விடை சொல்கிறார்கள்: 'விமானம் பார்க்கப் போகலாம்.' எந்த விமானக் காட்சிச்சாலைக்குப் போவது, எதனை விடுவது, எப்படிப் பார்ப்பது என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். பயணக் குறிப்பு என்று நீங்கள் கருதலாம். அதற்குள் நம் குடும்பங்களைப் பற்றிய செய்தி ஒன்றும் இருக்கிறது. அதனை முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

தமிழர்க்கு வானூர்தி புதிய எண்ணம் அன்று. ஓட்டுபவர் இன்றியே விண்ணில் செல்லும் ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் அரசன், கருவுற்றிருந்த தன் தேவி விசயையை மயிற்பொறி ஒன்றில் ஏற்றி அனுப்புகிறான். அது சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். இவற்றைக் கொண்டு, 'அன்றே நம்மிடம் விமானம் இருந்தது' என்று நான் சொல்ல வரவில்லை. கற்பனை வேறு, கைத்தொழில் வேறு. பறக்க வேண்டும் என்ற ஆசை பாட்டிலே பிறந்தது. பறக்கும் பொறியோ, தகட்டை வெட்டி, ஆணி அடித்து, அளந்து பார்த்து, தவறினால் பிரித்து மறுபடியும் கூட்டிய தொழிலாளர் கையில் பிறந்தது. அந்தக் கைகளில் பல, நாம் வாழும் இந்தப் பெங்களூரில் இருந்தன. அவற்றுள் தமிழர் கைகளும் இருந்தன.

1940ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் அவர்கள், திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் மைசூர் அரசு துணை நிற்க, இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஹார்லோ என்னும் பயிற்சி விமானம் இங்குக் கூட்டப்பட்டுப் பறந்தது. போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் விமானங்கள் பழுது பார்க்கப்பட்டதும் இங்கேதான். 1964இல் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்ற பெயரைப் பெற்றது. அத்தொழிற்சாலையை ஒட்டிய பகுதிக்கு விமானபுரா என்றே பெயர். ஊரின் பெயரிலேயே விமானத்தை வைத்திருக்கும் நகரத்தில் குடியிருந்துகொண்டு, விமானம் பார்க்க வெளியூர் ஓடினோம் என்றால், அது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அந்தக் கதையில் வரும் பேதை நானே. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் குடியாத்தத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். 1954இல், பத்தொன்பது வயதில், ஒரு தகரப் பெட்டியோடு பெங்களூர் வந்து விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1993இல் ஓய்வு பெற்றார். அந்த முப்பத்தொன்பது ஆண்டுகளும் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தூக்குச்சட்டியை முன்கம்பியில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். மாலையில் திரும்பி வருவார். பள்ளியில், 'உன் அப்பா என்ன செய்கிறார்?' என்று கேட்டால், 'ஃபாக்டரியில் வேலை' என்று சொல்லுவேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது; கேட்டதும் இல்லை. அவர் சொன்னதும் இல்லை.

2006இல் நான் ஒரு பழைய காரை வாங்கினேன். வாங்கிய கையோடு கோவாவுக்குக் குடும்பப் பயணம் வகுத்தேன். ஐந்து நாளில் எட்டு இடம்! ஹம்பியும் பாதாமியும் கடற்கரைகளும் தேவாலயங்களும் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. என் மகனுக்கு அப்போது பத்து வயது. அவன் விரும்பிக் கேட்டது ஒன்றே ஒன்று, கோவாவில் கடற்படையார் வைத்திருக்கும் விமானக் காட்சிச்சாலை. அதனைக் கடைசி நாளில், உச்சி வெயிலில், நாற்பது நிமிடத்துக்குள் அடக்கியிருந்தேன். தந்தையாரை அழைத்தோம். 'எனக்கு முழங்கால் வலி. முப்பத்தொன்பது ஆண்டு விமானத்தைப் பார்த்தது போதும். நீங்கள் போய் வாருங்கள்' என்றார். நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், காரில் இடம் தாராளமாகக் கிடைத்தது என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

அந்த நாற்பது நிமிடத்தில், என் மகன் ஒரு சிறு விமானத்தின் முன் நின்றுவிட்டான். அதன் பெயர் எச்.டி.-2. பலகையைப் படித்தவன், 'அப்பா, இது நம் பெங்களூரில் செய்தது! தாத்தா இதைத்தான் செய்தாரா? இதில் எந்தப் பகுதியைச் செய்தார்?' என்று கேட்டான். அன்பர்களே, எனக்கு விடை தெரியவில்லை. அப்போது என் வயது நாற்பத்து மூன்று. அறுநூறு கிலோமீட்டர் காரோட்டிக்கொண்டு போய், என் தந்தையின் வாழ்வைப் பற்றி நான் ஒன்றும் அறியாதவன் என்பதைத் தெரிந்துகொண்டு திரும்பினேன்.

அந்தப் பிழையிலிருந்து நான் கற்றவற்றை ஐந்து குறிப்புகளாக உங்கள் முன் வைக்கிறேன்.

முதற்குறிப்பு: அருகில் இருப்பதை முதலில் பாருங்கள்.

நம் நகரத்தில், பழைய விமான நிலையத்துச் சாலையில், 2001இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தன் மரபுக் காட்சிச்சாலையைத் திறந்தது. 1940 தொட்டுப் பத்துப் பத்து ஆண்டாக இந்திய விமானத் தொழில் வளர்ந்த வரலாற்றை ஓர் அரங்கில் புகைப்படங்களால் காட்டுகிறார்கள். மற்றோர் அரங்கில் விமான எஞ்சின்களைக் குறுக்கே அறுத்து, உள்ளுறுப்புகள் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பாடநூலில் பத்து முறை படிப்பதைவிட, அங்கே ஒரு முறை பார்ப்பது மேல். வெளியே திறந்தவெளியில் உண்மையான விமானங்கள் நிற்கின்றன. டாக்டர் வி. எம். காட்கே அவர்கள் வடிவமைத்து 1951இல் முதன்முறை பறந்த எச்.டி.-2 அங்கு இருக்கிறது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட இந்தப் பயிற்சி விமானம் 150க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. நம் விமானிகள் பலர் பறக்கப் பழகியது இதில்தான். மாருத் என்னும் போர் விமானமும் அங்கு இருக்கிறது. ஓட்டுபவர் இல்லாமலே பறக்கும் 'லக்ஷ்யா'வும் உண்டு. புறநானூற்றுப் புலவரை நினைத்துக்கொண்டு அதனைப் பார்க்கலாம்.

கப்பன் பூங்காவை ஒட்டிய கஸ்தூரிபா சாலையில் விசுவேசுவரய்யா தொழில் நுட்பக் காட்சிச்சாலை இருக்கிறது. அங்கே ரைட் சகோதரர்களின் விமானத்தை அதே அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர்களுடைய முதற்பறப்பு 12 வினாடிதான் நீடித்தது. கடந்த தொலைவு 120 அடி. நம் காலனித் தெருவின் ஒரு முனையிலிருந்து பிள்ளையார் கோயில் வரைகூட வராது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்களையே நூற்றிருபது அடி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் முயற்சி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இழிவில்லை என்பதை அதைவிட எளிதாக விளக்க முடியாது.

இரண்டாம் குறிப்பு: எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு காட்சிச்சாலை. அதற்குக் காலைப் பொழுதில் இரண்டரை மணி நேரம். இதுவே என் அளவு. விமானங்கள் பெரும்பாலும் வெட்டவெளியில் நிற்பவை. சித்திரை வெயிலில் அந்த அலுமினியத் தகடு தோசைக்கல் போலக் கொதிக்கும். ஆனி ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை, சாலையையே மறைத்துவிடும். ஆகவே, தசரா விடுமுறையும் மார்கழி விடுமுறையும் இப்பயணத்துக்கு ஏற்றவை. வாரத்தில் ஒரு நாள் மூடுவது பல காட்சிச்சாலைகளில் வழக்கம். புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நானூறு கிலோமீட்டர் சென்று பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவது, பிள்ளைகள் நெடுநாள் மறவாத காட்சியாகிவிடும். படையினர் பொறுப்பில் உள்ள இடங்களில் அடையாளச் சான்று கேட்பார்கள். படம் எடுக்கலாகாது என்று எழுதியிருந்தால் எடுக்காதீர்கள்.

மூன்றாம் குறிப்பு: வழியோடு சேரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பெங்களூரிலிருந்து மேற்கே செல்லும் வழியையே எடுத்துக்கொள்வோம். துமகூரு, சித்ரதுர்கா, தாவணகெரெ கடந்து ஹுப்பள்ளி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். முதல் இரவு அங்கே தங்கலாம். மறுநாள் எல்லாபுரம் வழியாக மலையிறங்கி அங்கோலா சேர்ந்து, கார்வார் கடற்கரையை அடையலாம். அங்கே 2006 முதல் 'சபல்' என்னும் ஏவுகணைப் படகு கரையேற்றி வைக்கப்பட்டுக் காட்சிச்சாலையாக விளங்குகிறது. அதன் பக்கத்தில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது, துபோலெவ்-142 என்னும் பெரிய விமானம்.

இந்தத் துபோலெவ்-142 வடஆர்க்காட்டுக்காரர்களுக்கு அயலானது அன்று. சோவியத் நாட்டில் செய்யப்பட்டு 1988இல் கோவாவுக்கு வந்த இவ்வகை விமானங்கள், 1992இல் அரக்கோணத்தில் 'ராஜாளி' கடற்படை விமானத்தளம் அமைந்ததும் அங்குக் குடிபெயர்ந்தன. 2017 மார்ச் மாதம் ஓய்வு பெறும்வரை அவற்றின் வீடு அரக்கோணந்தான். இறக்கை முனையிலிருந்து முனை வரை 50 மீட்டர். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். 12,000 கிலோமீட்டருக்கும் மேல் நிற்காமல் பறந்து, கடலுக்கடியில் பதுங்கும் நீர்மூழ்கிகளைத் தேடும். சோளிங்கர், திருத்தணிப் பக்கத்து உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். அதன் ஒலியைத் தலைக்கு மேல் கேட்டவர்கள் பலர் இருப்பர். அரக்கோணத்தில் பகுதி பகுதியாகப் பிரித்து, சாலை வழியே கொண்டுவந்து, கார்வாரில் மறுபடியும் கூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நம்மைப் போலவே அதுவும் தமிழ்நாட்டிலிருந்து கருநாடகத்துக்குக் குடிவந்தது என்று என் மனைவி சொல்லிச் சிரித்தாள்.

இதே வகை விமானம் இன்னொன்று விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் 2017 டிசம்பரிலிருந்து காட்சிக்கு நிற்கிறது. அதனுள்ளே நடந்து பார்க்கலாம், சிறப்பாக அமைத்திருக்கிறார்கள். ஆயினும் அது இங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் காரில் செல்லும் குடும்பத்துக்கு நான் அதனைச் சொல்லமாட்டேன். திருமணம் ஏதேனும் அப்பக்கம் வாய்த்தால் இரயிலில் சென்று பாருங்கள். ஒன்றை விடுவதற்குத் துணிவதே தேர்ந்தெடுப்பதில் பாதி.

கார்வாரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், கோவாவின் போக்மாலோ கடற்கரைக்கு அருகே, 1998இல் திறக்கப்பட்ட கடற்படை விமானக் காட்சிச்சாலை இருக்கிறது. நான் நாற்பது நிமிடத்தில் ஓடிவந்த இடம் அதுதான். பிற்பாடு இரண்டு முறை சென்று நிதானமாகப் பார்த்தேன். 'விக்ராந்த்' கப்பலின் தளத்திலிருந்து 1971 போரில் பறந்த சீ ஹாக், அலிசே வகை விமானங்கள் அங்கு உள்ளன. நிலத்திலும் நீரிலும் இறங்கக்கூடிய சீலாந்து என்னும் சிறு விமானம் உள்ளது. 1953இல் நம் கடற்படை தன் விமானப் பிரிவைத் தொடங்கியது அவ்வகை விமானத்தோடுதான். மூன்று வால்களோடு நிற்கும் சூப்பர் கான்ஸ்டலேஷன், முதலில் ஏர் இந்தியாவில் 'ராணி ஆஃப் எல்லோரா' என்ற பெயரோடு பயணிகளைச் சுமந்து, பிறகு விமானப்படையிலும், அதன்பின் கடற்படையிலும் உழைத்து ஓய்ந்தது. மூன்று வீட்டில் வாழ்ந்த மூதாட்டியைப் போல அது நிற்கிறது.

நான்காம் குறிப்பு: வீட்டில் உள்ள அனைவரையும் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பயணத் திட்டம் தீட்டுவது தந்தையும் மகனுமாகவும், புளிசோறும் தயிர்சோறும் கட்டுவது தாயாராகவும் நம் வீடுகளில் பிரிந்துவிடுகிறது. 'விமானம் ஆண்பிள்ளைகள் விஷயம்' என்று எண்ணுவோரும் உளர். அவர்களுக்கு நம் நகரத்துச் செய்தி ஒன்று சொல்கிறேன். இன்றைய விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் ஜக்கூர் பறக்கும் பயிற்சிப் பள்ளி இருக்கிறதல்லவா? விமானி வி. சுந்தரம் அவர்களின் பொறுப்பில் இருந்த அப்பள்ளியில் பயின்று, 1949இல் விமானியாகத் தேறியவர் அவருடைய துணைவியார் உஷா சுந்தரம். 1951இல் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் இருவரும் ஓட்டிவந்தனர். அவ்வகை விமானம் ஒன்றையும் போக்மாலோவில் காணலாம். உங்கள் பெண்மக்களை அதன் முன் நிறுத்தி இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். கார்வாரிலும் போக்மாலோவிலும் கடற்கரை அருகிலேயே இருப்பதால், எஞ்சினில் நாட்டமில்லாதவர்க்கும் பொழுது வீணாகாது.

ஐந்தாம் குறிப்பு: தோல்வியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெற்றி பெற்ற விமானத்தின் முன்தான் கூட்டம் நிற்கும். நான் பிள்ளைகளை மாருத்தின் முன் நிறுத்துவேன். 1956இல் ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் பெங்களூர் வந்தார். அவரும் நம் பொறியாளர்களும் உழைத்து உருவாக்கிய மாருத், 1961ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் செலுத்த, முதன்முதலாகப் பறந்தது. ஒலியைப் போல் இரு மடங்கு விரைவை எண்ணி அதன் உடலை வடித்தார்கள். அவ்வுடலுக்கு ஏற்ற எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. வலிமை குறைந்த எஞ்சினோடுதான் பறந்தது. அப்படியிருந்தும் 1971 போரில் இராசத்தான் எல்லையில் தன் கடமையைச் செய்தது. நல்ல எஞ்சினைத் தேடும் முயற்சியில், 1970 ஜனவரியில் அதே சுரஞ்சன் தாஸ் சோதனைப் பறப்பில் உயிர் துறந்தார். 147 விமானங்களோடு அதன் கதை முடிந்தது. ஒன்று ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு அருகே காட்சிச்சாலையில் நிற்கிறது. கஸ்தூரிபா சாலையிலும் ஒன்று நிற்கிறது. நாம் பேருந்தில் அதனைக் கடந்துபோகிறோம். தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு ஆறுதலாகவும், நிறையப் பெற்ற பிள்ளைக்கு அடக்கமாகவும் சொல்லக்கூடிய கதை அது.

இன்னொரு கதையும் உண்டு. போர் முடிந்து பிரிட்டிஷார் செல்லும்போது, லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் பலவற்றை இனி எவரும் பயன்படுத்த இயலாதபடி சிதைத்துக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். 1948இல் நம் பெங்களூர்த் தொழிற்சாலையினர் அந்தச் சிதைந்த கூடுகளை ஓரளவு சரிசெய்து, விமானி ஜாம்ஷெட் முன்ஷி துணிந்து ஓட்டிவர, இங்கே கொண்டுவந்து முழுதாகச் செப்பனிட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவை மீண்டும் பறந்தன. 1968 வரை நம் விமானப்படையில் உழைத்தன. அவற்றுள் சில இன்று பிரிட்டனிலும், கனடாவின் ஒட்டாவாவிலும், அமெரிக்காவின் டூசானிலும் காட்சிச்சாலைகளில் நிற்கின்றன. கடல் கடந்து வாழும் நம் காலனிப் பிள்ளைகள் அங்குச் சென்றால், அவ்விமானத்தின் முன் சிறிது நேரம் நின்று வரட்டும். அதில் பெங்களூர்த் தொழிலாளியின் கைவேலை இருக்கிறது.

நிற்க. என் தந்தையாரின் கதையை நடுவில் விட்டுவிட்டேன்.

கோவாவிலிருந்து திரும்பிய மறு ஞாயிற்றுக்கிழமை, அவரை ஓர் ஆட்டோவில் ஏற்றி, நம் ஊர்க் காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்றேன். 'எதற்கடா வீண் செலவு' என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். உள்ளே நுழைந்து, எச்.டி.-2 விமானத்தின் முன் போய் நின்றதும் பேச்சு அடங்கிவிட்டது. நெடுநேரம் நின்றார். பிறகு கைத்தடியை நீட்டி, விமானத்தின் வால்புறத்தைக் காட்டி, என் மகனிடம் சொன்னார்: 'இதுதானோ, இதைப் போன்ற வேறொன்றோ, தெரியாது. இந்தக் கூட்டுக்குள் நான் படுத்திருந்தேன்.'

அதன் பிறகு விளக்கினார். மெல்லிய தகட்டில் ரிவெட்டு அடிக்க இருவர் வேண்டும். வெளியே இருப்பவர் காற்றுச் சுத்தியால் அடிப்பார். உள்ளே இருப்பவர் ஓர் இரும்புக் கட்டையை ஆணியின் முனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே நுழைய உடல் மெலிந்தவர்தான் ஆவார். ஊரிலிருந்து புதிதாக வந்த என் தந்தை எலும்பும் தோலுமாக இருந்தாராம். வெளியே அடித்தவர் கன்னடக்காரர். இவருக்குக் கன்னடம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவே தகடு, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆணி சரியாக அமர்ந்தால் உள்ளிருந்து ஒரு தட்டு. அமராவிட்டால் இரண்டு தட்டு, அதாவது, 'மறுபடியும் அடி.' 'இந்த ஊரில் நான் முதலில் கற்ற மொழி அதுதான்' என்றார் தந்தையார். 'ஒரு தட்டு, இரண்டு தட்டு. அதை வைத்துக்கொண்டுதான் பிறகு கன்னடம் கற்றேன். அவர் என்னிடம் தமிழ் கற்றார். உன் அத்தையின் திருமணத்துக்கு அவர் வீட்டிலிருந்துதான் பாத்திரம் வந்தது.'

அன்றுதான் அவர் என் மகனோடு மூன்று மணி நேரம் இடைவிடாது பேசினார். என்னோடு நாற்பது ஆண்டில் பேசாததை எல்லாம் பேசினார். அவர் பேசாதவர் என்று நான் எண்ணியிருந்தேன். உண்மை என்னவென்றால், கேட்க வேண்டிய இடத்துக்கு நான் அவரை அழைத்துச் செல்லவில்லை. 2011இல் அவர் காலமானார். இடையில் கிடைத்த ஐந்து ஆண்டில் மேலும் நான்கு முறை அங்கே சென்றோம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று சொன்னார். அவர் சொன்னதில் பாதியைக்கூட நான் எழுதிவைக்கவில்லை என்பதே இன்றைக்கும் என் வருத்தம்.

அன்பர்களே, நம் காலனியில் விமானத் தொழிற்சாலையிலும், தொலைபேசித் தொழிற்சாலையிலும், நெசவாலைகளிலும், இரயில்வேயிலும் உழைத்து ஓய்ந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த அரங்கிலும் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். எந்தக் காட்சிச்சாலையைத் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் என்னைக் கேட்டால், நான் சொல்லும் விடை இதுதான்: உங்கள் வீட்டுப் பெரியவர் வாய் திறந்து பேசக்கூடிய இடம் எதுவோ, அதனை முதலில் தேர்ந்தெடுங்கள். மற்றவை அடுத்த விடுமுறைக்கு இருக்கட்டும். விமானங்கள் அங்கேயே நிற்கும். பெரியவர்கள் அப்படி நிற்பதில்லை. காரில் இடம் போதவில்லை என்றால் பெட்டிகளைக் குறையுங்கள்.

என் மகன் வானூர்திப் பொறியாளன் ஆகவில்லை. வங்கியில் கணக்குப் பார்க்கிறான். ஆயினும் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. உணவு வேளையில் யாருக்கேனும் மறுசோறு வேண்டுமானால், வாயால் கேட்பதில்லை. மேசையில் இரண்டு தட்டு. போதுமென்றால் ஒரு தட்டு. என் பேத்தி, தன் கொள்ளுத்தாத்தாவைப் பார்த்ததே இல்லை. அவளும் இரண்டு தட்டுத் தட்டுகிறாள்.

விழாத் தலைவர் அவர்கள் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவதற்கு முன் நானே முடித்துக்கொள்கிறேன்.